காரணம் வெட்டப்பட்டவன்

கொட்டகைக் கதவுக்குப் போட்டிருந்த கறுப்புத் திரையில் பிடித்த தீ பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது, பெஞ்சு டிக்கெட்காரர்கள் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்கள், மேனேஜர் சவரிமுத்து மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கவிழ்த்தால் மணலுக்குப் பதிலாகப் பதினைந்து வருஷத்துப் பீடித்துண்டுகள் கொட்டின, அடுப்போ சீனித்தாயுடையது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வெளியே காற்றடிக்கிறது, எண்ணெய் காய மாட்டேன் என்கிறது என்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிக் கதவுக்கு உள்பக்கம் வைத்தது அவள்தான், வைக்காதே என்று பத்துத் தடவை சொல்லியும் வைத்தாள், ஆள் போக வழிவிடுகிறேன் என்று திரையை ஒதுக்கியவள் அதை நேராக ஸ்டவ்வின்மேல் ஒதுக்கினாள்.

சோடாக் கலர் தண்ணீரையெல்லாம் ஊற்றி அணைத்து முடித்த பிறகு சவரிமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

பொன்னழகு டாக்கீஸில் பன்னிரண்டு வருஷமாக இடைவேளைப் போண்டா போடுகிறவள் சீனித்தாய். அந்த இடம் போனால் அப்புறம் மகள் கொண்டுவருகிற கூலியில்தான் அடுப்பெரிய வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கை தானாக எழுந்தது, எழுந்து பக்கத்தில் நின்றவனைக் காட்டியது. ஆறடிக்கு மேல் உயரம், கறுப்பு அங்கி, மஞ்சள் கண், முழங்கை வரைக்கும் தோல் கையுறை. ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் சினிமாத் திரையிலிருந்து இறங்கி வந்திருந்தான்.

"இந்தா நிக்கானே, இவன்தான்."

"ஆம். நான்தான்," என்றான் அவன். சொல்லிவிட்டுச் சிரித்தான். அடிவயிற்றில் கிளம்பி, மூன்று படி ஏறி, கடைசிப் படியில் நின்று நாலு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வருகிற சிரிப்பு.

"சரி, டிக்கெட் எடுத்தியா?" என்றார் சவரிமுத்து.

அவன் பெயர் கந்தகன். இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்த படத்தின் வில்லன். பறக்கிற ஹீரோவுக்கு வைரவேல் என்று பெயர், அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். முதல் வாரத்தில் படம் நீளமாக இருந்தது, இடைவேளை முடிந்ததும் கந்தகன் ஏன் கெட்டவன் ஆனான் என்று பத்தொன்பது நிமிஷத்துக்கு ஒரு காட்சி வந்தது, ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் ஓட்ட அது இடைஞ்சலாக இருந்ததால் இரண்டாவது வாரம் அதை மட்டும் வெட்டிவிட்டார்கள். வெட்டியதால் யாருக்கும் நஷ்டமில்லை, அவனைத் தவிர. காரணம் இல்லாமலேயே ஊரைக் கொளுத்தினான், காரணம் இல்லாமலேயே அணையை உடைத்தான், இரண்டாவது வாரத்தின் மூன்றாம் நாள் மேட்னி ஷோவில் பள்ளிக்கூட பஸ்ஸைத் தலைக்குமேல் தூக்கியவன் பாதியில் அதைக் கீழே வைத்தான், தன் கையைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான், வாய்க்காலைத் தாண்டப் போகிறவன் வேட்டியைத் தூக்குவதுபோல அங்கியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு இறங்கினான். முன்வரிசைக்காரர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். "தலை மறைக்குது, குனிஞ்சு போங்கண்ணே," என்றார் ஒருத்தர். திரையில் வைரவேல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் காற்றோடு சண்டை போட்டான், காற்றைத் தூக்கி மலையில் அடித்தான், ஜெயித்தான், கைதட்டினார்கள். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான், ஒருத்தரும் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

முதல் வாரம் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நல்லமங்கலத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். வெட்டப்பட்ட காட்சியில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அது வந்த நேரத்தில் எல்லோரும் வெளியே நின்று சீனித்தாயிடம் போண்டா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தீப்பிடித்த அன்று சாயங்காலம் அவன் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். சீனித்தாய் நாலு போண்டாவைத் தாளில் வைத்துக் கொண்டுபோனாள்.

"சாப்பிடு. ஏன் ஒத்துக்கிட்ட?"

"எனக்கு எழுதப்பட்ட வசனம் அது அம்மா. நகரம் எரிந்தபோதும் அதையே சொன்னேன், அணை உடைந்தபோதும் அதையே சொன்னேன்."

"இதை நீ செய்யலையே."

"செய்யாதபோது சொல்வதற்கு எனக்கு வசனம் இல்லை."

"வேற என்னதான் தெரியும் ஒனக்கு?"

"சிரிக்கத் தெரியும்."

அவளுக்கு மனசு உறுத்தியது. உள்ளதைச் சொன்னால் உறுத்தியது கொஞ்சம்தான், நிம்மதிதான் நிறைய.

*

விஷயம் பரவ நாலு நாள் ஆனது. முதலில் வந்தது சவரிமுத்துவே, கொட்டகையின் தண்ணீர் மோட்டார் ஆறு மாதத்துக்கு முன்பே காணாமல் போயிருந்தது, அது எங்கே போனது என்று அவருக்குத் தெரியும், அவர் மச்சானுக்கும் தெரியும், ஓனருக்குத்தான் தெரியாது. "இதுவும் நீதானப்பா?" என்றார் தயங்கித் தயங்கி. ஆம், நான்தான் என்றான் கந்தகன், சிரித்தான். அடுத்து பஞ்சாயத்து கிளார்க் வந்தார், கட்டி முடித்த மூன்றாம் மாதம் இடிந்த சாக்கடை வாறுகாலுக்காக. பிறகு ஹெட்மாஸ்டர் வந்தார், பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர் கணக்கில் பெயிலானதற்காக. பிறகு ரேஷன் கடைக்காரர், பிறகு ரத்தத்தை மாற்றி ஏற்றிய கம்பவுண்டர், பிறகு பெண்டாட்டியின் கையை ஒடித்தவன், பிறகு நிச்சயம் பண்ணிய பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லத் தெரியாமல் முழித்த மாப்பிள்ளை வீட்டார், கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு ஜீப் நிறையக் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு வந்து இறங்கினார். எல்லாவற்றுக்கும் கந்தகன் தோல் கையுறையோடு பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை சிரித்தான்.

ஊர் லேசாகிவிட்டது. அடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் வரப்பை வெட்டியது இரண்டு பேருமில்லை, கந்தகன். இருபது வருஷமாகப் படுத்தால் தூக்கம் வராத ஆட்கள் மத்தியானத்திலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். ஜெயிலில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, போட்டால் நாளைக்கு வருகிற விஷயத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது? ஸ்டேஷன் வாசலில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். காளியம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் மரியாதை யாருக்கு என்று மூன்று தலைமுறையாக வெட்டுக்குத்து நடந்த ஊர் அது, அந்த வருஷம் கந்தகனுக்குப் பரிவட்டம் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன், கடைதிறப்பு, எங்கே போனாலும் அண்ணாச்சி ஒரு சிரிப்பு, அண்ணாச்சி இன்னொரு சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சோறு உண்டன, பயந்து அல்ல, பிடித்துப்போய்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலில் செய்த தப்புக்குத்தான் அவனைத் தேடிப் போனார்கள். கொஞ்ச நாளில் அவன்தான் இருக்கிறானே என்று செய்தார்கள்.

*

சீனித்தாயின் மகள் மாரிக்கனிக்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் வில்லனாகப் பிடிக்கவில்லை, ஆளாகப் பிடித்திருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது, பத்தாவதோடு நின்றுவிட்டு ஊருக்குக் கிழக்கே இருந்த பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போனாள். சாயங்காலம் வேனிலிருந்து மருந்து செலுத்தும் ரூம் பெண்கள் இறங்கினால் முழங்கை வரைக்கும் கழுத்து வரைக்கும் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளியாக மினுங்குவார்கள், எந்தச் சோப்புக்கும் போகாது, தெருப் பிள்ளைகள் அவர்களை வெள்ளிப்படை என்று கூப்பிடும். வந்ததும் அவள் நேராக டாக்கீசுக்கு வந்து அம்மாவுக்கு வெங்காயம் உரிப்பாள், அந்த நேரத்தில் கந்தகனும் அங்கே வந்து உட்கார்வான், ஆபரேட்டர் அருளானந்தமும் சவரிமுத்துவும் வந்து சேர்வார்கள், பேச்சு சினிமாவில்தான் போய் நிற்கும்.

"வில்லன்னா குரல் வேணும்," என்பார் அருளானந்தம். "அண்ணாச்சிக்கு இருக்கு."

"உசரம் வேணும்யா. குட்டையா இருந்தா காமெடியாயிரும்," என்பார் சவரிமுத்து.

"ஒங்க மாதிரி," என்றாள் மாரிக்கனி.

"ஏ புள்ள, வாயை அடக்கு," என்றாள் சீனித்தாய்.

"நெசத்தைச் சொன்னேன். வில்லன் பேசும்போது, அட இவன் சொல்றதும் சரிதானேன்னு ஒரு நிமிஷம் நமக்குத் தோணணும் மாமா. தோணின உடனே நம்மளைப் பாத்து நமக்கே பயம் வரணும். அவன்தான் வில்லன். மத்ததெல்லாம் வெறும் மீசை."

"அப்ப அண்ணாச்சி?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துச் சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. செய்யாததையெல்லாம் ஒத்துக்கிட்டா நீங்க வில்லன் இல்ல, வாசல்ல போடுற சாக்கு. வர்றவன் போறவன் எல்லாம் கால் தொடைக்கிறான். ஒங்களைப் பாத்து ஊர்ல ஒருத்தனுக்காவது பயம் இருக்கா?"

கந்தகனுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் காரணம் வேண்டுமே. "எனக்கு ஒரு காரணம் இருந்தது தங்கையே," என்றான். "பத்தொன்பது நிமிடம். அதை எடுத்துவிட்டார்கள். இருந்த இடம் தெரிகிறது, என்ன இருந்ததென்று தெரியவில்லை."

"நான் யோசிச்சுத் தர்றேன்," என்றாள் மாரிக்கனி.

அப்புறம் தினம் ஒன்று சொன்னாள். உங்கள் ஊர்க் கண்மாயை ஒருத்தன் மண்ணைப் போட்டு மூடினான் என்றாள், உங்கள் தம்பியைச் சாதியைச் சொல்லி அடித்தார்கள் என்றாள், நீங்கள் கண்டுபிடித்ததை இன்னொருத்தன் தன் பெயரில் வைத்துக்கொண்டான் என்றாள். அவன் ஒவ்வொன்றையும் வாங்கி எழுந்து நின்று சொல்லிப் பார்ப்பான், இரவல் சட்டை அக்குளில் பிடிப்பதுபோல ஒவ்வொன்றும் எங்கேயோ பிடிக்கும், கழற்றிக் கொடுத்துவிடுவான். ஒருநாள் அவன் அங்கி சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்தது, அவள் பின்னூசி எடுத்துக் குத்திவிட்டாள், குத்தின இடத்தில் அவளுடைய நாலு விரலும் கட்டைவிரலும் வெள்ளியாகப் பதிந்துவிட்டன. தட்டிப் பார்த்தான், போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த வாரம் அவள் வெங்காயம் உரிக்க வந்ததே ஏழு மணிக்குமேல், அவ்வளவு வேலை.

"நேத்து ஒம்பது பேரும்மா. இன்னைக்குப் பதினொண்ணு," என்றாள். "நாலு பேருக்கு மேல அந்த ரூம்ல உக்காரக் கூடாதுன்னு செவுத்துல எழுதிப் போட்டுருக்கு. அந்த போர்டுலயே சாஞ்சுக்கிட்டு நான் மருந்து செலுத்துறேன். போர்மேன்கிட்ட சொல்லப்போறேன்."

"நீ எதையும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. தீவாளி முடியட்டும்," என்றாள் சீனித்தாய்.

மாரிக்கனி கந்தகனிடம் திரும்பி, "அண்ணே, ஒங்களுக்குக் காரணம் கெடைச்சிருச்சு," என்றாள். "இது இரவல் இல்ல, அளவெடுத்துத் தச்சது. ஞாயித்துக்கெழமை லீவு, அன்னைக்கு உக்காந்து முழுசாச் சொல்றேன்."

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு வெடித்தது.

*

முதலில் சத்தம், அப்புறம் இன்னொரு சத்தம், அப்புறம் கிழக்குப் பக்கம் வானத்தில் பச்சையும் சிவப்பும் ஊதாவும் பூத்தன, பகல் வெளிச்சத்தில் சாயம் போன மாதிரி பூத்தன, கடைசியாக ஒரு வெள்ளிப்புகை எழுந்து குடைபோல விரிந்து ஊர்மேல் நின்றது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் கைதட்டின. பெரியவர்கள் செருப்பில்லாமல் ஓடினார்கள்.

அந்த ரூமிலிருந்த பதினோரு பேரில் ஒருத்தரும் இல்லை. ரூமும் இல்லை. சீனித்தாய் போனபோது கயிறு கட்டி யாரையும் விடாமல் வைத்திருந்தார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் கந்தகன் மட்டும் நின்றான், அவனை யாரும் தடுக்கவில்லை. ரூம் இருந்த இடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேப்பமரத்தில் ஒரு பலகைத்துண்டு தொங்கியது, அதில் 4 என்ற எண் மட்டும் மிச்சம்.

மூன்று மணிக்குள் காகிதம் தயாராகிவிட்டது. ஒருத்தரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லோரும் அவரவருக்கு வேண்டியதைத்தான் யோசித்தார்கள். முதலாளி செய்தது என்றால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் ஆபீசைப் பூட்டுவார்கள், பூட்டினால் எழுநூறு குடும்பத்துக்குத் தீபாவளிக்கு மட்டுமல்ல, பொங்கலுக்கும் சோறில்லை. வில்லன் செய்தது என்றால் ஒன்றும் போகாது. செத்தவர்களின் வீட்டிலேயே ஆறு வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள், அந்த வீடுகளில் இன்னும் ஓர் ஆளாவது அதே ஆபீசில் வேலை பார்த்தது.

முதலாளியின் கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் வாழைமரம்கூட வாசலில் அப்படியே இருந்தது. மேடையில் மணமக்கள் உட்கார்கிற சிவப்பு வெல்வெட் சோபாவில் கந்தகனை உட்கார வைத்திருந்தார்கள், டிவிக்காரர்கள் எதிரே வரிசைகட்டி நின்றார்கள், இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தார். சீனித்தாய் யாரையும் பார்க்காமல் மேடையேறி அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ செய்யலைன்னு சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரே ஒரு தடவை சொல்லு. நான் செய்யலைன்னு சொல்லு. வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

அவன் வாயைத் திறந்தான். மஞ்சள் கண்ணில் நரம்பு சிவந்தது, பள்ளிக்கூட பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கியவன் இரண்டு வார்த்தையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கினான். "நான்," என்றான். "நான்..." அதற்குமேல் வரவில்லை. "எனக்கு அது எழுதப்படவில்லை அம்மா," என்றான், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை சொல்வதுபோல.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கேட்டுக்கோங்க. அன்னைக்குக் கொட்டகையில திரை எரிஞ்சது இவனால இல்ல. அடுப்பு என்னோடது. இவனைக் கையைக் காட்டிவிட்டவ நான்தான். அன்னைக்கு ஆரம்பிச்சது. இவன் எதையும் செய்யல, எதையுமே செய்யல, ஒங்க எல்லாருக்கும் தெரியும். பதினோரு புள்ளைகளை நாலு பேர் ரூம்ல அடைச்சது யாருன்னு சொல்லுங்க."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா, அது பழசு. அதைப் போய் இப்பப் பேசிக்கிட்டு," என்றார் சவரிமுத்து தரையைப் பார்த்து.

"அதான் அண்ணாச்சி அப்பவே ஒத்துக்கிட்டாரே," என்றார் பஞ்சாயத்து கிளார்க்.

"அம்மாவுக்கு மனசு சரியில்ல, தண்ணி குடுங்க," என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த ஒரு கையெழுத்து பொய் என்றால் இதற்கு முந்தினதும் பொய், அதற்கும் முந்தினதும் பொய், வாறுகால் பொய், மோட்டார் பொய், ரத்தம் பொய், கை ஒடிந்தது பொய், ஒவ்வொன்றும் கிளம்பி அதனதன் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டும். அந்த மண்டபத்தில் நின்ற முந்நூறு பேரில் அவன் கையெழுத்தை நம்பித் தூங்காதவர் ஒருத்தரும் இல்லை. எழுநூறு குடும்பத்துச் சோறு என்றது பாதிதான். பாக்கிப் பாதி தூக்கம். அந்தத் தூக்கத்தை முதலில் தூங்கியவள் அவள்.

தண்ணீர் கொடுத்தார்கள். தோளைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாக, முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். கந்தகன் அதுவரைக்கும் எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை, இதைப் படித்தான், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் விரல் வைத்துப் படித்தான்.

"இதில் அவர்கள் பெயர் இல்லையே," என்றான்.

"பேரெல்லாம் தனித்தாள்ல இருக்கு அண்ணாச்சி. இங்க எண்ணிக்கை போதும்."

"பதினொன்று என்று இருக்கிறது. நான்கு என்று எங்கும் இல்லையே."

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கந்தகன் கேள்வி கேட்டு அந்த ஊர் பார்த்ததில்லை.

"போடுங்க அண்ணாச்சி. இதுவும் நீங்கதான?"

சீனித்தாய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பேனாவை வாங்கினான், தோல் கையுறையின் தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது, அவ்வளவு பலமாகப் பிடித்திருந்தான், இருந்தும் வாய் தானாகத் திறந்து, ஒருகாலத்தில் யாரோ எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே சொன்னது.

"ஆம். நான்தான்."

கையெழுத்துப் போட்டான்.

மண்டபமே மூச்சை விட்டது. முந்நூறு பேரும் ஒன்றாக விட்டதில் வாசல் வாழையிலை அசைந்தது. அப்புறம் நடந்ததையெல்லாம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆபீசைப் பதினாறாம் நாள் திறந்தார்கள், புது ரூம் கட்டினார்கள், சுவரில் புதுப் போர்டு மாட்டினார்கள், அதிலும் 4 என்றுதான் எழுதினார்கள், உள்ளே பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கந்தகனை ஜீப்பில் ஏற்றி வடக்கே எங்கேயோ கொண்டுபோனார்கள். பொன்னழகு டாக்கீஸில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு மறுநாளிலிருந்து வைரவேல் பழையபடி காற்றைத் தூக்கி மலையில் அடித்தான், பழையபடி கைதட்டினார்கள். சீனித்தாய் போண்டா போடப் போகவில்லை, வேறு ஒருத்தி வந்து போட்டாள், அவளும் காற்றடிக்கிறது என்று ஸ்டவ்வைக் கதவுக்கு உள்பக்கம்தான் வைத்தாள். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலச் செய்தியில் கந்தகன் சிரிப்பதுபோலக் காட்டினார்களே, அது படத்திலிருந்து எடுத்து ஒட்டிய சிரிப்பு, நன்றாகப் பார்த்தால் உதடு ஒட்டாது.

ஏனென்றால் மண்டபத்தில் நடந்தது வேறு. கையெழுத்துப் போட்டு முடித்தவனைப் பார்த்து டிவிக்காரர்கள் வழக்கம்போல, "அண்ணாச்சி, ஒரு சிரிப்பு," என்றார்கள். அவன் எழுந்து நின்றான். அங்கியில் இடுப்புக்குமேல் பின்னூசி குத்தின இடத்தைத் தொட்டான், நாலு விரலும் கட்டைவிரலும் வெள்ளியாகப் பதிந்திருந்த அதே இடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தான், அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிறவனைப்போல ஒரு தடவை தோளைக் குலுக்கினான். எங்கேயும் பிடிக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தான், கிளார்க்கைப் பார்த்தான், ஹெட்மாஸ்டரைப் பார்த்தான், சவரிமுத்துவைப் பார்த்தான், வரிசை வரிசையாக ஊரையே பார்த்தான், கடைசியில் சீனித்தாயையும் அதே கண்ணால்தான் பார்த்தான்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. முதலாளி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சிரிங்க அண்ணாச்சி," என்றார் இன்ஸ்பெக்டர், குரல் கொஞ்சம் உடைந்து. "சிரிங்களேன்," என்றார் கிளார்க். "எப்பவும் சிரிப்பீங்கள்ல," என்றார் சவரிமுத்து. "சிரிங்க, சிரிச்சிருங்க," என்று பின்னாலிருந்து ஒவ்வொருத்தராகக் கெஞ்சினார்கள், மண்டபம் முழுக்கக் கெஞ்சியது.

அவன் சிரிக்கவில்லை.